"30 மீற்றரில் 1.86 கிராம்": தங்கம் தேடும் சிறு கம்பனியின் அறிவிப்பைக் கீழிருந்து மேலே வாசிப்பது

ஸ்காபரோவிலிருந்து அத்தான் அனுப்புவார். இல்லாவிட்டால் மெல்பேர்னிலிருந்து சித்தப்பாவின் மகன். "பங்கு 18 சதம்தான். துளை போட்ட இடத்தில தங்கம் அடிச்சிருக்கு. வருசக் கடைசிக்குள்ள ஒரு டொலர் தாண்டும்." கீழே ஓர் இணைப்பு. கொழும்பில் மாலை 7 மணி. ரொறன்ரோ சந்தை அப்போதுதான் திறக்கிறது. இணைப்பைத் தட்டினால் கம்பனியின் செய்திக்குறிப்பு வரும். அதை எந்த ஒழுங்கில் வாசிப்பது, எந்த எண்ணை எதனால் பெருக்கிப் பார்ப்பது, கம்பனி எங்கே வாய் திறக்காமல் விட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஒழுங்கு எளிது: கீழிருந்து மேலே. தலைப்பையும் முதற் பந்தியையும் எழுதுகிறவர்கள் பங்கு விற்க வேண்டியவர்கள். அட்டவணையையும் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் எழுதவைப்பது சட்டம். இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான் வாசகனுக்கு வாய்ப்பு.

கம்பனி எங்கே பட்டியலில் இருக்கிறது

இத்தகைய கம்பனிக்குச் சுரங்கம் இல்லை, விற்பனை இல்லை, வருமானமும் இல்லை. நில உரிமை சில, புவியியலாளர் ஓரிருவர், ஒப்பந்தத்துக்கு வரும் துளையிடும் இயந்திரம், பங்குதாரர் போட்ட காசு. அவ்வளவுதான். காசு முடிந்தால் மறுபடி பங்கு அச்சடித்து விற்கும். பெரும்பாலானவை கனடாவின் டீ.எஸ்.எக்ஸ். வென்ச்சர் சந்தையில் அல்லது அவுஸ்திரேலியாவின் ஏ.எஸ்.எக்ஸ்.ஸில் இருக்கும். "சீ.எஸ்.ஈ.யில் இருக்கிற கம்பனி" என்று யாராவது சொன்னால் நம்முடைய எச்சலன் சதுக்கத்துச் சந்தை என்று நினைத்துவிட வேண்டாம். கனேடிய செக்கியூரிட்டீஸ் எக்ஸ்சேஞ்சுக்கும் அதே மூன்று எழுத்துத்தான். கொழும்புப் பங்குச்சந்தையில் போகல காரீயக் கம்பனி உண்டு. தங்கம் தேடும் கம்பனி கிடையாது.

கனேடியக் கம்பனி என்றால் செடார் பிளஸ் தளத்திலும், அவுஸ்திரேலியக் கம்பனி என்றால் ஏ.எஸ்.எக்ஸ். அறிவிப்புப் பக்கத்திலும் எல்லா ஆவணங்களும் இலவசமாகக் கிடைக்கும். வட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்.பை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே திகதியிட்ட ஆவணத்தை அங்கிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். வேண்டியவை மூன்று: செய்திக்குறிப்பு, கடைசிக் காலாண்டின் நிதிக்கூற்று, இருந்தால் தொழில்நுட்ப அறிக்கை. கம்பனியின் தளத்தில் உள்ள படக்காட்சித் தொகுப்பைக் கடைசியில் பார்த்தால் போதும். பார்க்காவிட்டாலும் நட்டமில்லை.

முதலில் காசுப் பெட்டி

துளையில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன் வங்கியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலர் இதைக் கடைசியில் செய்வார்கள், அல்லது செய்யவே மாட்டார்கள். காரணம், இது சுவாரசியமில்லாத பக்கம்.

உதாரணத்துக்கு ஒரு கம்பனியை எடுத்துக்கொள்வோம். வெளியிட்ட பங்குகள் 150 மில்லியன், விலை 18 சதம். பெருக்கினால் சந்தை மதிப்பு 27 மில்லியன் கனேடிய டொலர். நிதிக்கூற்றின் பங்கு மூலதனக் குறிப்புக்குப் போனால் வேறொரு கணக்கு இருக்கும்: 25 சதத்துக்குப் பங்கு வாங்கும் உரிமை தரும் வொரண்டுகள் 60 மில்லியன், பணிப்பாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் கொடுத்த, அதே மாதிரி உரிமை தரும் ஒப்ஷன்கள் 12 மில்லியன். எல்லாம் சேர்த்தால் 222 மில்லியன். "ஒரு டொலர் தாண்டும்" என்று சொல்கிறவர் உண்மையில் சொல்வது, இந்தக் கம்பனி 222 மில்லியன் டொலர் பெறும் என்பதைத்தான். அப்படிச் சொல்லிக் கேட்டால் காதில் விழுவதே வேறு மாதிரி இருக்கும்.

வொரண்டுகள் இன்னொரு வேலையும் செய்யும். கடைசியாகக் கம்பனியிடமே நேரடியாகப் பங்கு வாங்கியவர்களுக்குக் கனடாவில் வழக்கமாக நான்கு மாதமும் ஒரு நாளும் விற்கத் தடை உண்டு. அந்தத் தடை முடிகிற வாரத்தைக் குறித்து வையுங்கள். 15 சதத்துக்கு வாங்கியவர் 18 சதத்தில் பங்கை விற்றுப் போட்ட காசை எடுத்துக்கொண்டு, பங்கோடு இலவசமாகக் கிடைத்த வொரண்டை மட்டும் கையில் வைத்திருப்பார். அவருக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. விலை 25 சதத்தை நெருங்கும்போதெல்லாம் எங்கிருந்தோ விற்பனை வந்து அமுக்குவதற்குக் காரணம் இதுதான். சதி ஒன்றும் இல்லை.

இப்போது கைக்காசு. காலாண்டு முடிவில் 1.4 மில்லியன் இருந்தது, அலுவலகம், சம்பளம், கணக்காய்வு, பட்டியல் கட்டணம் எல்லாமாகக் காலாண்டுக்கு 4 இலட்சம் போகிறது என்றால், ஒரு துளைகூடப் போடாமல் மூன்றரைக் காலாண்டு ஓடலாம். ஆனால் செய்திக்குறிப்பு "10,000 மீற்றர் துளையிடும் திட்டம்" என்கிறது. ஆய்வுகூடச் செலவு, முகாம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மீற்றருக்கு 300 டொலர் என்று வைத்தால் 3 மில்லியன். பாதை இல்லாத, ஹெலியில் சாமான் இறக்கும் இடமென்றால் அதற்கும் மேல். ஆக, இந்தக் கம்பனி பங்கு விற்றே தீரும். டீ.எஸ்.எக்ஸ். வென்ச்சர் விதிப்படி 50 சதம் வரையான பங்கைச் சந்தை விலையில் 25 வீதம் வரை கழித்து விற்கலாம். 18 சதத்தில் 25 வீதம் கழித்தால் 13.5 சதம். 3 மில்லியன் திரட்ட 22 மில்லியனுக்கு மேல் புதுப் பங்கு. கூடவே அரை வொரண்ட் வீதம் கொடுத்தால் இன்னும் 11 மில்லியன். நல்ல செய்தி வந்த மறுவாரமே நிதி திரட்டும் அறிவிப்பு வருவதைப் பார்த்துப் பலர் ஏமாந்ததாக நினைப்பார்கள். கம்பனியைப் பொறுத்தவரை நல்ல செய்தியின் பயனே அதுதான்.

அவுஸ்திரேலியக் கம்பனிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் சுலபம். காலாண்டுக்கொருமுறை போடும் 5பி என்ற படிவத்தின் கடைசியில், இருக்கிற காசு எத்தனை காலாண்டுக்குக் காணும் என்று கம்பனியே எழுத வேண்டும். இரண்டுக்குக் குறைந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கமும் தர வேண்டும். அங்கேயிருந்து தொடங்குங்கள்.

செலவுப் பட்டியலில் இன்னொரு வரி: விளம்பரம், முதலீட்டாளர் தொடர்பு. இது துளையிடும் செலவை விடக் கூடுதலாக இருந்தால் மேலே வாசிக்கத் தேவையில்லை. அந்தக் கம்பனி கல்லில் தேடவில்லை.

அட்டவணை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

துளை முடிவு அட்டவணையில் ஐந்து நிரல்கள் இருக்கும்: துளை எண், எங்கிருந்து, எதுவரை, நீளம், தொன்னுக்கு எத்தனை கிராம். தலைப்பு "30 மீற்றரில் தொன்னுக்கு 1.86 கிராம்" என்று முழங்கும். அட்டவணையில் அதற்குக் கீழே உள்தள்ளி "இதில் 1 மீற்றரில் 50 கிராம்" என்று ஒரு வரி இருக்கும். தாளும் பேனையும் எடுத்துக் கழியுங்கள்.

30 மீற்றரை 1.86ஆல் பெருக்கினால் 55.8. உள்ளே இருக்கும் 1 மீற்றரின் பங்கு 50. கழித்தால் மிச்சம் 5.8. அதை மிச்சமுள்ள 29 மீற்றருக்குப் பிரித்தால் தொன்னுக்கு 0.2 கிராம். அதாவது ஒரு மீற்றர் அகல நரம்பு (கல்லுக்குள் தங்கம் ஓடும் பட்டை) ஒன்று. சுற்றியுள்ள 29 மீற்றரும் பெரும்பாலும் கழிவுக் கல். ஒரு நல்ல மீற்றரை முப்பது மீற்றருக்குத் தேய்த்துப் பூசியிருக்கிறார்கள். பொய் இல்லை, ஒவ்வோர் எண்ணும் சரி. தலைப்பு மட்டும் ஏமாற்றுகிறது.

இந்த எண்களைச் செட்டியார் தெரு அளவையில் மாற்றிப் பார்ப்பது மனதுக்குப் பிடிபட உதவும். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். 1.86 கிராமுக் கல்லானால் ஒரு பவுணுக்குச் சுமார் 4 தொன் உடைக்க வேண்டும். 0.2 கிராமுக் கல்லானால் 36 தொன்னுக்கு மேல். ஆலையில் இழப்பு இல்லை என்று வைத்துக்கொண்டே இந்தக் கணக்கு. உண்மையில் 5 முதல் 15 வீதம் கழிவோடு போய்விடுவது சாதாரணம். சில வகைக் கல்லில் இதை விடவும் மோசம்.

அடுத்தது அகலம். துளை சரிவாகத்தான் இறங்கும். நரம்பும் சரிந்திருக்கும். இரண்டும் ஏறக்குறையச் செங்குத்தாகச் சந்தித்தால் துளையில் கண்ட நீளமே நரம்பின் அகலம். துளை நரம்பின் சரிவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனால், 3 மீற்றர் நரம்பு 20 மீற்றர் வெட்டாகத் தெரியும். அடிக்குறிப்பில் "உண்மை அகலம் 60 முதல் 70 வீதம்" என்றிருந்தால் 30 மீற்றரை 18 முதல் 21 என்று எடுத்துக்கொள்ளுங்கள். "உண்மை அகலம் இன்னும் தெரியவில்லை" என்று முதல் சில துளைகளில் சொல்வது நியாயம். நாற்பதாவது துளையிலும் அதே வசனம் வந்தால், ஒன்றில் அவர்களுக்கு அந்த நரம்பின் வடிவம் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டதைச் சொல்ல விருப்பமில்லை. குறுக்குவெட்டுப் படம் போட்டிருந்தால் துளைக்கோடும் நரம்பும் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். படமே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்.

துளை எண்களை வரிசையாக வாசியுங்கள். 14, 15, 17, 18. அப்படியென்றால் 16 எங்கே? "முடிவு வரவில்லை" என்று குறிப்பு இருந்தால் சரி. "குறிப்பிடத்தக்க பெறுமதி இல்லை" என்று அட்டவணையிலேயே போட்டிருந்தால் அது நேர்மையான கம்பனி; அந்த ஒரு வரிக்காகவே நாம் இரண்டு புள்ளி கூடக் கொடுப்போம். ஒன்றுமே சொல்லாமல் தாவியிருந்தால் பழைய அறிவிப்புகளில் 16ஐத் தேடுங்கள். வெறுந்துளைகள் வருட முடிவில், யாரும் பார்க்காத வெள்ளிக்கிழமை இரவில் வெளிவருவது இத்துறையில் பழைய வழக்கம்.

பிறகு இடம். வரைபடத்தில் புதிய துளைக்கும் பழைய நல்ல துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பத்து மீற்றர் பக்கத்தில் போட்டு அதே தங்கத்தை மறுபடி காண்பது உறுதிப்படுத்தல். புதுக் கண்டுபிடிப்பு என்று அதற்கு விலை கொடுக்கத் தேவையில்லை. 100 மீற்றர் தள்ளிப் போட்டு அதே நரம்பைப் பிடித்தால் அது பெரிய விஷயம், கிராம் கொஞ்சம் குறைந்திருந்தாலும். ஆழமும் முக்கியம். நிலமட்டத்திலிருந்து 15 மீற்றரில் தொடங்கும் 1.5 கிராம், திறந்த குழியாக வெட்டி எடுக்கக்கூடியது. 420 மீற்றர் ஆழத்தில் அதே 1.5 கிராம் பெரும்பாலும் கல்லாகவே கிடக்கும். சுரங்கப்பாதை வெட்டி எடுக்கப் பல கிராம் வேண்டும்.

துளையே இல்லாத செய்திகள் பற்றிச் சுருக்கமாக. "மேற்பரப்புக் கல் மாதிரியில் 85 கிராம் வரை": புவியியலாளர் பளபளப்பான கல்லாகப் பார்த்துத்தான் பொறுக்குவார், "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். "பெரிய சுரங்கத்துக்கு அடுத்த காணி": தங்கத்துக்கு வேலி தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பௌதிகவியல் ஆய்வில் மாறுபாடு தென்பட்டது": துளை போட இடம் தெரிந்திருக்கிறது, அவ்வளவே. "கோரில் கண்ணுக்குத் தெரியும் தங்கம்": கோர் என்பது துளையிலிருந்து எடுக்கும் கல் உருளை; ஆய்வுகூட முடிவு வரும்வரை இதற்கு எண் கிடையாது. பொட்டுப் பொட்டாகக் கரடுமுரடான தங்கம் இருக்கும் கல்லில் பக்கத்துப் பாதியை வெட்டினால் ஒன்றுமே இல்லாமலும் போகும்.

அடியில் இருக்கும் அந்தப் பந்தி

யாரும் வாசிக்காத பந்தி ஒன்று, மாதிரி எடுத்த முறை பற்றியது. அதில் ஐந்து விஷயம் தேடுங்கள். கோரை வாளால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாதியை ஆய்வுக்கு அனுப்பி மற்றப் பாதியைப் பெட்டியில் வைத்திருக்கிறார்களா? ஆய்வுகூடம் கம்பனிக்குச் சம்பந்தமில்லாததா, அதன் பெயர் போட்டிருக்கிறதா? தங்கமே இல்லாத வெற்று மாதிரி, தங்க அளவு ஏற்கெனவே தெரிந்த நியம மாதிரி, இரட்டை மாதிரி ஆகிய மூன்றையும் இடையிடையே செருகினார்களா? எந்தச் சோதனை: தூளை உருக்கிப் பார்க்கும் ஃபயர் அசே என்றால் 30 கிராமா 50 கிராமா? கரடான தங்கம் என்றால் சல்லடையில் அரித்துப் பெரிய துணிக்கைகளைத் தனியே பார்க்கும் சோதனையும் செய்தார்களா? கடைசியாக, மிக உயர்ந்த முடிவுகளை ஓர் உச்ச வரம்பில் வெட்டிக் கணக்குப் போட்டார்களா, அப்படியே விட்டார்களா?

வெற்று மாதிரி எதற்கு என்றால்: முந்திய மாதிரியில் நிறையத் தங்கம் இருந்து, அரைக்கும் இயந்திரத்தைச் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்த மாதிரிக்கும் தங்கம் ஒட்டும். வெற்று மாதிரியில் தங்கம் காட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். 30 கிராம் எதற்கு என்றால்: இரண்டு மூன்று கிலோ கல்லை மாவாக்கி அதில் ஓரிரு மேசைக்கரண்டித் தூளைத்தான் உருக்கிப் பார்க்கிறார்கள். அந்தத் தூளுக்குள் ஒரு பெரிய துணிக்கை விழுந்தால் முடிவு வானத்துக்குப் போகும், விழாவிட்டால் பாதாளம்.

இந்த விதிகள் சும்மா வந்தவை அல்ல. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவு இருப்பதாகக் கனடாவின் பிரீ-எக்ஸ் கம்பனி சொல்லி, அதன் சந்தை மதிப்பு 6 பில்லியன் கனேடிய டொலர் அளவுக்கு ஏறியது. அங்கே கோரைப் பாதியாகப் பிளந்து வைக்கவில்லை. முழுவதையும் அரைத்து அனுப்பினார்கள். அரைத்த தூளில் வெளியிலிருந்து தங்கம் கலந்திருந்தது. மறுபரிசோதனைக்கு மற்றப் பாதி என்று ஒன்று இருக்கவில்லை. கூட்டுச் சேர வந்த ஃபிரீபோர்ட் கம்பனி பக்கத்திலேயே தன் துளைகளைப் போட்டபோது தங்கம் இல்லை. 1997 மே மாதத்தில் ஸ்ட்ரத்கோனா என்ற சுயாதீன ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை விஷயத்தை முடித்து வைத்தது. கனடாவின் 43-101 என்ற விதி 2001இல் வந்தது இதன் பிறகுதான். ஒவ்வொரு செய்திக்குறிப்பின் அடியிலும் தகுதி பெற்ற ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்த விதியால் வந்தது. அவுஸ்திரேலியாவில் இதே வேலையை ஜோர்க் என்ற நெறிக்கோவை செய்கிறது. அப்படி அடியில் பெயர் போடுகிறவர் கம்பனியின் ஊழியராகவும் இருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வள மதிப்பீட்டைச் செய்தவரும் கம்பனிக்குள் இருப்பவர் என்றால் அறிக்கையை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

அவுன்ஸ் கணக்கு

துளைகள் போதியளவு சேர்ந்தபின் வள மதிப்பீடு வரும். தொன்னைக் கிராமால் பெருக்கி 31.1035ஆல் பிரித்தால் அவுன்ஸ். 10 மில்லியன் தொன், 1.5 கிராம்: 15 மில்லியன் கிராம், ஏறத்தாழ 482,000 அவுன்ஸ். இதை நீங்களே போட்டுப் பார்த்து, தலைப்பில் உள்ள எண்ணோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

அவுன்ஸ் எத்தனை என்பதை விட எந்த வகை அவுன்ஸ் என்பது பெரிது. இன்ஃபேர்ட் என்பது அனுமானம்; துளைகள் தூரத் தூர இருக்கும்போது நடுவில் உள்ளதை ஊகித்தது. அதை நம்பிச் சுரங்கத் திட்டம் போட முடியாது. இண்டிகேட்டட், மெஷர்ட் என்று துளைகள் நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும். செலவு, வரி, விலை எல்லாம் பார்த்து வெட்டி எடுத்தால் இலாபம் என்று காட்டிய பின்புதான் ரிசேர்வ் என்ற பெயர் வரும். பி.ஈ.ஏ. என்ற ஆரம்பப் பொருளாதார ஆய்வில் இன்ஃபேர்ட் அவுன்ஸையும் சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டு. அதனால்தான் அதில் வரும் இலாப எண்கள் அவ்வளவு அழகு. அதில் எந்தத் தங்க விலையை எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

482,000 அவுன்ஸும் இன்ஃபேர்ட் என்றால், நம் உதாரணக் கம்பனி ஒரு டொலருக்குப் போவதென்பது மண்ணுக்குள் கிடக்கும் ஊக அவுன்ஸுக்குத் தலா 460 டொலர் கொடுப்பதாகும். சந்தை இத்தகைய அவுன்ஸுக்கு வழக்கமாகப் பத்துக்கணக்கான டொலர்தான் தரும். சந்தை சூடாக இருக்கும்போது நூறைத் தாண்டும்.

ஒன்ராறியோவின் ரெட் லேக் என்ற ஒரே ஊரில் இரண்டு கதை. ரூபிக்கன் மினரல்ஸ் அங்கே தன் ஃபீனிக்ஸ் திட்டத்தில் 2013இல் மொத்தம் 3 மில்லியன் அவுன்ஸுக்கு மேல் மதிப்பிட்டிருந்தது. ஆலை கட்டி, சுரங்கம் தோண்டி உள்ளே போய்ப் பார்த்தபின் 2016 ஜனவரியில் அது அரை மில்லியனுக்கும் கீழே இறங்கியது. அதே ஊரில் கிரேட் பெயார் ரிசோர்சஸ் வள மதிப்பீடே வெளியிடவில்லை. நெருக்கமாக, ஒழுங்காகப் போட்ட துளைகள் மட்டும். பெரிய தங்கச் சுரங்கக் கம்பனியான கின்ரொஸ் 2021 டிசெம்பரில் அதைச் சுமார் 1.8 பில்லியன் கனேடிய டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. எனவே அறிக்கை இருக்கிறது என்பதற்காக நம்பவும் வேண்டாம், இல்லை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். துளைக்குத் துளை தங்கம் தொடர்ந்து வருகிறதா என்ற ஒரு கேள்விக்குத்தான் இரண்டு கம்பனியும் வெவ்வேறு விடை சொன்னவை.

உற்சாகத்துக்கு எந்தப் பெயர்

தங்கம் 2025 மார்ச்சில் அவுன்ஸுக்கு 3,000 அமெரிக்க டொலரையும் ஒக்டோபரில் 4,000ஐயும் தாண்டியது. அந்த அலையில் எல்லாச் சிறு கம்பனியும் மிதக்கும். விலை ஏறினால் முன்பு கழிவாக இருந்த மெலிந்த கல்லும் வெட்டத் தகுந்ததாகும் என்பது உண்மை. கல்லுக்குள் இல்லாத தங்கம் வந்து சேராது என்பதும் உண்மை. தங்க விலை ஏறும் என்பதே உங்கள் நம்பிக்கை என்றால் அதற்குப் பவுண் இருக்கிறது. ரூபாய் இறங்கினாலும் அது காக்கும். இந்தப் பங்கு அதற்கானதல்ல.

மற்றொரு உற்சாகம் துளை முடிவுக்காகக் காத்திருக்கும் காலத்தில் வருவது. ஆய்வுகூட முடிவு வரச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம் வரை எடுக்கும். அந்த இடைவெளியில் எல்லோரும் நல்லதையே எதிர்பார்த்து வாங்குவார்கள். பிறகு சுமாரான நல்ல முடிவு வந்தாலும் பங்கு விழும், ஏனெனில் அந்த நல்லது முன்பே விலையில் ஏறிவிட்டது. ஃபிராங்கோ-நெவாடா நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பியர் லசோண்ட் வரைந்து காட்டிய வளைகோடு துறையில் எல்லோருக்கும் தெரியும்: கண்டுபிடிப்பில் ஒரு சிகரம், பிறகு ஆய்வும் அனுமதியுமாக வருடக்கணக்கில் நீளும் பள்ளம், சுரங்கம் கட்டி முடியும் தறுவாயில் மறுபடி ஏற்றம். உறவினர் செய்தி அனுப்புவது அநேகமாக முதற் சிகரத்துக்குப் பக்கத்தில். பள்ளத்தில் யாரும் செய்தி அனுப்புவதில்லை.

இதற்கு மருந்து, முடிவு வருமுன் எழுதி வைப்பது. நீளத்தையும் கிராமையும் பெருக்கினால் வரும் எண்ணை அளவாக எடுங்கள். "அடுத்த நான்கு துளைகளில் குறைந்தது இரண்டு 50க்கு மேல் வர வேண்டும், அதுவும் 50 மீற்றருக்கு மேல் தள்ளிப் போட்ட துளையாக இருக்க வேண்டும். வராவிட்டால் விற்கிறேன்." திகதியோடு எழுதி வையுங்கள். முடிவு வந்தபின் எழுதினால் எந்த முடிவும் நல்லதாகவே தெரியும்.

நிர்வாகம் தன் சொந்தக் காசில் சந்தையில் வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவில் செடி என்ற தளத்தில், அவுஸ்திரேலியாவில் 3வை என்ற படிவத்தில் அது வரும். இலவசமாகக் கிடைத்த ஒப்ஷனை இதில் சேர்க்க வேண்டாம்.

காசு அனுப்பலும் ஓடரும்

இலங்கையிலிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்க 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் பொருந்தும். வழி, வணிக வங்கி ஒன்றில் வெளிநோக்கு முதலீட்டுக் கணக்கு. எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லையும் இடைநிறுத்தங்களும் வர்த்தமானிக் கட்டளைகளால் அவ்வப்போது மாறும். ஆகவே பங்கைத் தெரிவு செய்யுமுன் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் அன்றைய நிலையை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டியலில் அனுப்பி அத்தானின் கணக்கில் வாங்கச் சொல்வது பலர் எடுக்கும் குறுக்குவழி. சட்டச் சிக்கல் ஒருபுறம். பங்கு அத்தான் பெயரில், வரி அத்தான் தலையில், நாளைக்கு அவர் குடும்பத்தில் ஒரு பிரச்சினை என்றால் உங்களிடம் ஒரு துண்டுக் கடிதமும் இராது.

கணக்கு முறையாக இருக்கிறது என்று வைத்தால், ஓடர் போடுமுன் நாளாந்த அளவைப் பாருங்கள். ஒரு நாளில் 40,000 பங்கு கைமாறுகிறது, விலை 18 சதம் என்றால் முழு நாளின் வியாபாரம் 7,200 டொலர். நீங்கள் 100,000 பங்கு வைத்திருந்தால் ஒரே நாளில் வெளியே வர வழியில்லை. வர முயன்றால் விலையை நீங்களே உடைப்பீர்கள். 50 சதத்துக்குக் குறைந்த கனேடியப் பங்கு அரைச் சதப் படியில் ஏறி இறங்கும். 5 சதப் பங்குக்கு ஒரு படி என்பது 10 வீதம். வாங்குவோர் 17, விற்போர் 19.5 என்று நிற்கும் பங்கைச் சந்தை விலை ஓடரில் வாங்கினால் வாங்கிய நிமிடமே 13 வீதம் போச்சு. எப்போதும் விலை குறித்த லிமிட் ஓடர் மட்டும்.

நேரம்: ரொறன்ரோ கோடையில் நம் நேரம் மாலை 7 மணிக்குத் திறந்து அதிகாலை 1.30க்கு மூடும், குளிர்காலத்தில் 8 மணிக்குத் திறந்து 2.30க்கு. டிசெம்பரில் அங்குள்ளவர்கள் வரிக்காக நட்டப் பங்குகளை விற்றுத் தள்ளுவார்கள்; மார்ச்சில் ரொறன்ரோவின் பெரிய சுரங்க மாநாட்டுக்கு முன் கம்பனிகள் நல்ல செய்திகளை அடுக்கும். வாங்குகிறவருக்கு முன்னதும் விற்கிறவருக்குப் பின்னதும் வசதி.

பெரிய செய்திக்கு முன் வர்த்தகத்தை நிறுத்தி வைப்பார்கள். மறுபடி திறக்கும்போது முதல் அரை மணி நேரத்தில் விலை எங்கும் நிற்காது. அந்த நேரத்தில் அட்டவணையை எடுத்து, உள்ளே உள்ள நல்ல மீற்றரைக் கழித்து, மிச்சத்துக்கு எத்தனை கிராம் என்று போட்டு முடியுங்கள். அந்த அரை மணி முடியும்போது ஓடரா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.